கேட்சுக்குப் புள்ளி கிடையாது

தம்பி, இதை நீ படிக்கும்போது உன் கால் சென்னைத் துறைமுகத்தில் இருக்கும், தலை மட்டும் இன்னும் கடலில் ஆடிக்கொண்டிருக்கும். முதலில் ஏதாவது சாப்பிடு. வெறும் வயிற்றோடு இதைப் படிக்காதே. கப்பலில் நீ ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்திருப்பாய். விமானம் இருக்கும்போது, இந்தச் செப்டம்பர் மாதக் கடலில், கப்பல் என்றாலே குடல் வாய்க்கு வந்துவிடும் நீ எதற்காகக் கப்பல் ஏறினாய் என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குத் தெரியும். கப்பலில் நெட் கிடையாது. சென்னை வரும்வரை யாரும் உன்னிடம் எதையும் கேட்க முடியாது. அதற்காகத்தான் ஏறினாய்.

இது உன் போனுக்கு எழுதி அனுப்புகிற கடிதம்தான். ஆனாலும் யார் படித்தாலும் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. படிக்கட்டும். இங்கே போர்ட் பிளேரில், நம் மின்னி பே பக்கம் பாதிப் பேருக்கு நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று தெரியாது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. போன வாரம்கூட எதிர்வீட்டுப் பெங்காலி அம்மா, உன் மகன் பெங்களூரில் என்ன செய்கிறான் என்று இந்தியில் கேட்டாள், "ஆப்கா பேட்டா பெங்களூர் மே க்யா கர்தா ஹை?" நான் சொன்னேன், "கேல் தேக்தா ஹை." அவளுக்கு அது போதவில்லை. "பஸ்? தேக்தா ஹை?" ஆமாம்மா, ஆட்டம் பார்க்கிறான், அவ்வளவுதான், அதற்குத்தான் சம்பளம் என்றேன். அவள் அதற்குப் பிறகு உனக்குப் பெண் இருக்கிறது என்கிற பேச்சையே எடுக்கவில்லை.

அதனால் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு, தங்களுக்குள் கற்பனையாக டீம் நடத்துகிறார்கள். நிஜ ஆட்டத்தில் அந்த ஆட்டக்காரன் அடித்தால் இங்கே இவர்களுக்குப் புள்ளி ஏறும். அதற்குப் பெயர் ஃபேன்டஸி லீக். இன்னும் பெரிய டீமுக்கு வராத, சின்ன ஊர்களில் ஆடிக்கொண்டிருக்கும் இளவட்டங்களையும், நாளைக்கு ஆவான் என்று நம்பி இப்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவர்களில் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று பார்த்துப் பட்டியல் போட்டு எழுதுவது என் மகனுக்கு வேலை. வேறு யாருக்கும் இது வேலையாகத் தோன்றாமல் போகலாம். எனக்குத் தோன்றும். ரங்கத் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்த காலம் முழுக்க நான் செய்ததும் அதுதானே.

நம் நெத்திலியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவனுடைய நிஜப் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை என்று நான் வைத்த பெயர் அது. சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் பின்கோடியில் நடு இடத்தில் நிற்கிற பையன். கையும் காலும் காய்ந்த நெத்திலிதான். ஆனால் பந்து பேட்டில் பட்ட சத்தம் நமக்குக் கேட்பதற்கு முன்னாலேயே ஓடத் தொடங்கியிருப்பான். முதன்முதலில் நீ அந்த வீடியோவை எனக்கு அனுப்பியபோது கூடவே ஒரு வரி எழுதியிருந்தாய், "அம்மா, இவனைப் பாரு, உனக்காகவே பொறந்திருக்கான்" என்று. உண்மைதான். வாழ்நாளெல்லாம் அப்படி ஒருவன் என் டீமுக்குக் கிடைக்கமாட்டானா என்று ஏங்கியவள் நான். நீ அவனைப் பட்டியலில் மேலே தூக்கி வைத்தாய். அந்த வருடம் அவன் நன்றாக அடிக்கவும் செய்தான். உன் பெயரும் கூடவே ஏறியது. அப்புறம் அவனை ஒரு படி மேலே, நன்றாகப் பந்து எறிகிற பிட்சர்களை எதிர்த்து ஆடும் டீமுக்கு மாற்றினார்கள். அங்கே போய் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்த லீவில் நீ வந்த மறுநாளே ஆரம்பித்தோம். அங்கே சாயங்காலம் ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடியும். நம் தீவில் ஐந்து மணிக்கே பளிச்சென்று வெளிச்சம் வந்துவிடும் அல்லவா, ஜன்னலைச் சாத்தினால்தான் திரை தெரியும். ஆளுக்கொரு டீ கிளாஸோடு உட்கார்ந்து பார்த்தோம். அவன் ஒவ்வொரு தடவை அவுட் ஆகும்போதும் நீ ஒரு காரணம் சொன்னாய். காற்று, வெளிச்சம், அம்பயர், மணிக்கட்டில் பட்ட பழைய அடி. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் வாய் நிற்கவில்லை.

"தம்பி, கீழ விழுந்து வெளிய போற பந்துக்கெல்லாம் பேட்ட விடுறான்டா. பந்து எங்க போகுதுன்னு பாக்குறதுக்கு முன்னாடியே இடுப்பு திரும்பிருது. இவன் அங்க தாங்கமாட்டான்."

"போன வருஷத்துக்கு முந்தின வருஷ நம்பரைப் பாரும்மா."

"அது சாத்தம் ஃபெரிடா."

நீ முறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். ஆனால் நான் என்ன சொன்னேன் என்று உனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியாது, சொல்கிறேன்.

எங்கள் தீவுப் பள்ளிக்கூடங்களில் டீம் பொறுக்குவது உலகத்தில் எங்கும் இல்லாத மாதிரி. மெயின்லேண்டில் போட்டி என்றால் கப்பலில்தான் போக வேண்டும். மைதானத்தில் புலியாக இருக்கும் பிள்ளை கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து, இறங்கும்போது துவைத்த துணியாக இருக்கும். அதனால் பி.டி. டீச்சர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, இவன் எறிவானா, அடிப்பானா என்பதல்ல. கப்பல் தாங்குவானா? அதுதான். பந்தைக் கையால் தொட்டிராத பிள்ளைகூட, அப்பா டோங்கிப் படகில் மீன் பிடிக்கிறவர் என்றால் டீமில் சேர்ந்துவிடும். ஒரு வருடம் நான் ரொம்ப புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். பேஸ்பாலுக்குத் தங்கச்சியான சாஃப்ட்பால் டீமுக்கு வந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் ரங்கத்திலிருந்து பஸ்ஸில் போர்ட் பிளேருக்கு அழைத்து வந்து, சாத்தத்திலிருந்து பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போகிற ஃபெரியில் ஏற்றி, போகவும் வரவுமாக அலையவிட்டேன். அதுதான் செலக்‌ஷன். ஃபெரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கோ ஒரே குஷி. இறங்கியதும் சுற்றி நின்றுகொண்டு, "மேடம், ஹம் சப் பாஸ் ஹை க்யா?" என்று கேட்டார்கள். பாஸ்தான். எல்லோருமே பாஸ். நீயும் பாஸ், வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் மேடம் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நீயும்.

துறைமுகத்துக்குள் இருக்கிற தண்ணீர், தாம்பாளத்துத் தண்ணீர். அதில் யார்தான் வாந்தி எடுப்பார்கள்? போட்டிக்குப் போன கப்பல் வெளிக்கடலைத் தொட்டதும்தான் தெரிந்தது. பாஸான அத்தனை பேரும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள், பேட்டையும் கிளவுஸையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு. அந்தப் போட்டியில் உன் பக்கம் ஒரு பந்து வந்தது. நீ நன்றாகத்தான் ஓடினாய். பந்து உனக்கு நாலடி தள்ளி விழுந்தது. "நிலம் ஆடுது மேடம்" என்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. திரும்பி வந்த பிறகு மற்ற டீச்சர்கள் எல்லாம் என் முறையைக் கேலி செய்தார்கள் என்று நினைக்கிறாயா? மறு வருடம் அவர்களும் ஃபெரியில் ஏற்றினார்கள். பிள்ளைகளை விமானத்தில் அழைத்துப்போகத் தொடங்கிய பிறகும்கூட ஒருவர் ஃபெரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கைக்குப் பழகியதை விட மனசு வராது நமக்கு.

உன் நெத்திலியின் முதல் வருட எண்களும் அப்படிப்பட்ட தண்ணீரில் எடுத்தவைதான் தம்பி. அங்கே எறிந்தவர்கள் இவனைப் போன்ற பொடியன்கள். பந்து நேராக வந்தது, அடித்தான். இப்போது வருகிற பந்து வளைந்து விழுகிறது. அவன் ஓடினால் காற்றுதான், எதிராளி அசந்த நேரம் ஓடி அடுத்த மூலையை, அதாவது பேஸைத் திருடினால் அதற்குப் புள்ளியும் உண்டு என்று நீ சொன்னாய். சரி, ஓடுவதற்கு முதலில் பேஸுக்குப் போய்ச் சேர வேண்டாமா? இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நீ விடவில்லை. ஏனென்றால் அவனை நீ எடை போடவில்லை, அவன்மேல் பிரியம் வைத்துவிட்டாய். பிரியம் வைப்பது தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனால் நீ எழுதுவதைப் படித்துவிட்டுத் தன் டீமில் ஓர் இடத்தை அவனுக்குக் கொடுக்கிறானே முகம் தெரியாத ஒருவன், அவன் கேட்பது உன் பிரியத்தை அல்ல. இவன் அடிப்பானா மாட்டானா என்று மட்டும்தான் கேட்கிறான்.

கிளம்புகிற அன்று ஹாடோ ஜெட்டியில், கப்பல் ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் விஷயத்தையே சொன்னாய். அடுத்த வருடப் பட்டியல் நீ கடலில் இருக்கும்போதே ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தத் தடவையும் நெத்திலியை மேலே வைத்தால் உன் பெயரில் வரும் கடைசிப் பட்டியல் அதுவாகத்தான் இருக்கும் என்று உன் மேலதிகாரி சொல்லிவிட்டார். நீ இரண்டு விதமாக எழுதி என் போனிலேயே போட்டு வைத்திருந்தாய். முதலாவதில் நெத்திலி இருக்கிறான். இரண்டாவதில் இல்லை.

"இன்னும் மூணு மேட்ச் இருக்கும்மா. கடைசி மேட்சுல நல்லா அடிச்சா முதலாவத அனுப்பு. இல்லேன்னா ரெண்டாவது. உனக்குத் தெரியும்ல."

"முதலாவத அனுப்பினா உன் வேலை என்னடா ஆவுறது?"

"போகும். போனா வீட்டுக்கு வந்திர்றேன். அப்பா சொல்ற கவர்மென்ட் பரீட்சைய எழுதுறேன், போ."

அதைச் சொல்லிவிட்டு நீ ஏறிவிட்டாய், பின்னால் நிற்கிறவர்கள் "சலோ சலோ" என்று தள்ளினார்கள். எனக்கு உன்னை இறக்கி இரண்டு அறை கொடுக்கலாம் போல இருந்தது. ஒரு பட்டனுக்குள் உன் வாழ்க்கையை வைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாயே, நீயெல்லாம் ஆம்பளையா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. சரி, நன்றாகக் கேள்.

முதல் ஆட்டத்தில் அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு தடவையும் அதே வெளியே விழுகிற பந்து, அதே வீச்சு, அதே நடை திரும்பி. இரண்டாவது ஆட்டத்தில் மழை. தார்ப்பாய் போட்டு மூடி, கொஞ்ச நேரம் காத்திருந்து, நம் ஊர்ப் படகு மாதிரியே கேன்சல் செய்துவிட்டார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு அப்பாவும் வந்து உட்கார்ந்தார். நியூஸ் பார்க்க வந்தவர், நான் ரிமோட்டைத் தரவில்லை. நீ ஜெட்டியில் சொன்னதையெல்லாம் அவரிடம் முன்னமே சொல்லியிருந்தேன். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பி.டபிள்யூ.டி.யில் ரோடு போட்டே தலை நரைத்தவர், உன் வேலையை ஒரு நாளும் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை. "எவனோ பந்து பொறுக்குறத நாம ஏன்டி பாக்கணும்?" என்று முனகிக்கொண்டே டீயைக் குடித்தார்.

அப்போதுதான் அது நடந்தது. எதிர் டீம்காரன் ஒருவன் வெளுத்தான் பார், பந்து மைதானத்தின் கோடிச் சுவரை நோக்கிப் போனது. நெத்திலி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்க்கவே இல்லை. சுவருக்கு முன்னால் எழும்பி, தோளுக்கு மேலே கிளவுஸை நீட்டினான், பந்து போய் அதில் உட்கார்ந்தது. அப்படியே சுவரில் மோதிக் கீழே விழுந்தான். விழுந்தவன் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். நான் விசில் அடித்துவிட்டேன் தம்பி. ரிட்டயர்டு ஆன பிறகு விசிலே அடித்ததில்லை. அப்பா டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டார்.

"ஏய், அத திரும்பப் போடு."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும். அப்புறம் கேட்டார், "இதுக்கு எம்புட்டுப் புள்ளி?"

"இதுக்குப் புள்ளி கிடையாதுங்க. அடிச்சாத்தான் புள்ளி, ஓடி எடுத்தாத்தான் புள்ளி. பிடிக்கிறதுக்கு இல்ல."

"கிடையாதா?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இம்புட்டுத் தூரம் ஓடி, செவுத்துல மோதி, விழுந்து பிடிச்சிருக்கான். ஒண்ணுமே கிடையாதா? என்னத்த கேமு இது? நம்ம பய இந்தப் புள்ளைக்காகத்தான் ஆபீசுல சண்ட போட்டானா?"

"ஆமா."

அவர் கீழே வைத்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டார். "சண்ட போடட்டும்" என்றார். உன் அப்பா உன் வேலையைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் சொல் அது. நீ கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய்.

கடைசியாக நெத்திலி பேட் செய்ய வந்தான். மறுபடியும் வெளியே விழுகிற பந்து. மறுபடியும் அதே வீச்சு. ஆனால் இந்தத் தடவை பந்து பேட்டின் நுனியில் பட்டு, உயிரே இல்லாமல் எழும்பி, நீ பிடி நான் பிடி என்று நின்ற இரண்டு பேருக்கு நடுவில் பொத்தென்று விழுந்தது. ஏற்கனவே பேஸில் நின்ற அவன் டீம்காரர்கள் இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். டீம் ஜெயித்தது. எல்லோரும் அவன் மேல் விழுந்து குதித்தார்கள். கணக்கில் அவன் நன்றாக அடித்தவன். நீ ஜெட்டியில் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டால் நான் முதலாவதை அனுப்ப வேண்டியதுதான். யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. நீயும்தான்.

தம்பி, எனக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும். இதை நான் சுற்றி வளைக்க மாட்டேன். உன்னைப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இந்த லீவில் விடிகாலையில் உன் பக்கத்தில் டீயோடு உட்கார்ந்து அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தேனே, ரங்கத்தை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. முழங்கால் வலிக்கிறது, அப்பாவுக்குக் காது மந்தம், வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை. ஏதோ டிபார்ட்மென்டில் போஸ்ட் விழப்போகிறது என்று அப்பா விசாரித்து வைத்துவிட்டார். நெத்திலி அந்த மொண்ணைப் பந்தை அடித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி, "அடிச்சுட்டான்ல? அப்ப நம்ம பய வந்துருவான்ல?" முதலாவதன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு அழுத்து. நீ என் வீட்டுக்கு வந்துவிடுவாய். நெத்திலியின் கேட்சுக்கு நாங்கள் செய்த மரியாதை என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அது அடியே இல்லையடா. நல்ல அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். தெரிந்துகொண்டே அவன் தேறிவிடுவான் என்று உன் பெயரில் எழுதி அனுப்பினால், நாளைக்கு நீ இந்த வீட்டில் உட்கார்ந்து, நான் வைத்த மீன்குழம்பைச் சாப்பிடும்போது உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நீ வருவதாக இருந்தால் வரவேண்டும் என்று தோன்றி வா. ஒரு பந்து தப்பி விழுந்ததால் வராதே.

இரண்டாவதை அனுப்பிவிட்டேன். அதன் அடியில் ஒரு வரி மட்டும் நானாகச் சேர்த்தேன், என் பி.டி. டீச்சர் இங்கிலீஷில். இவனைப் புள்ளிக்காக எடுக்காதீர்கள், ஆனால் பந்து மேலே போகும்போது மட்டும் கண்ணை எடுக்காமல் இவனைப் பாருங்கள் என்று. இலக்கணம் தப்பாக இருந்தால் திருத்திக்கொள், எடுத்துவிடாதே. உன் வேலை உன்னிடம் இருக்கிறது. பெங்களூருக்கு ரயில் ஏறு. நெத்திலி ஒருநாள் அந்தப் பந்தை அடிக்காமல் விடக் கற்றுக்கொண்டால், மறுபடியும் அவனை மேலே தூக்கி வை. அன்றைக்கு ஆபீஸ் என்ன சொன்னாலும் கேட்காதே, நான் உன் பக்கம்.

அப்பா காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்லிகாட் பஜாருக்குப் போயிருக்கிறார், உன் கட்டிலுக்குப் புது மெத்தை பார்க்க. நான் தடுக்கவில்லை, எதை அனுப்பினேன் என்றும் அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்து முடித்ததும், ஆபீசுக்குப் பேசுவதற்கு முன்னால் அவருக்குப் போன் போடு. நீ வரவில்லை என்பதை நீயே அவரிடம் சொல்லிவிடு தம்பி, என்னால் முடியாது.